எந்தத் தோட்டம்மா நீங்க?

தம்பிகளே, தங்கச்சிகளே, நெறியாளர் நாற்காலியில் புதிதாக உட்காரப் போகிறவர்களுக்கு நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். அதோடு விட்டிருந்தால் வழக்கம்போல எதையாவது எழுதி அனுப்பியிருப்பேன். நேரத்துக்கு வாருங்கள், தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள், உங்கள் புலமையைக் காட்டாதீர்கள் என்று. ஆனால் கூடவே ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். "விருந்தினரை மனம் திறக்க வைப்பது எப்படி என்பதற்கு உங்களுடைய அந்தக் காணொலித் துண்டைத்தான் பயிற்சியில் போட்டுக் காட்டுகிறோம், அண்ணே." அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே அந்தத் துண்டைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன். மற்றதெல்லாம் உட்கார்ந்து பேசப் பேச உங்களுக்கே வந்துவிடும்.

எங்கள் நிகழ்ச்சியைப் பார்க்காதவர்களும் உங்களில் இருப்பீர்கள். சுங்கைப்பட்டாணியில் ஒரு ரெஸ்தோரானுக்கு மாடியில் வாரம் ஒரு முறை, இணையத்தில் நேரலை. பெயர்தான் வட்டமேசை, மேசை வட்டமே கிடையாது. கீழே கடை நடத்தும் பாய் கொடுத்த நீளமான சாப்பாட்டு மேசை அது. வாடகையையும் பாதி அவரே விட்டுக்கொடுத்தார், அதற்குப் பதிலாக நிகழ்ச்சியின் நடுவில் அவருடைய நாசி கண்டார் சாப்பாட்டுக்கு விளம்பரம் ஒன்று ஓடும். தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் குறைவது, கைப்பேசியும் பிள்ளைகளும், யாருக்கு ஓட்டுப் போட்டு என்ன கண்டோம், செயற்கை நுண்ணறிவு வேலையைப் பிடுங்குமா, இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு. செயற்கை நுண்ணறிவு பேச வந்த பெரிய மனிதர் ஒருவர் தன் கைப்பேசியை அமைதியாக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினார், அதையும் பார்த்திருக்கிறேன். நாட்டு நடப்பு என்றால் எல்லாரும் சிங்கம். சொந்த வீட்டு நடப்பு என்று வந்தால்தான் ஆளாளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அதனால்தான் வீட்டு நடப்பைப் பேச யாராவது ஒப்புக்கொண்டால் எனக்குத் தலைகால் புரியாது.

போன வருஷம் ஒரு வாரம், குடியுரிமை இல்லாத பிள்ளைகளின் படிப்பு என்பது தலைப்பு. அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். அவருக்கு எதிரே சாந்தி. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிற பெண் அவள். சம்பளமில்லாத வேலை. அவள் வாக்கை நம்பித்தான் ஒரு அம்மா தொலைபேசியில் பேச ஒப்புக்கொண்டிருந்தார். பெயர் சொல்லக்கூடாது, ஊர் சொல்லக்கூடாது, முகம் காட்டக்கூடாது. இது மூன்றும்தான் ஒப்பந்தம்.

காரணத்தையும் சாந்தி முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மா குழந்தையில்லாமல் பல வருஷம் இருந்து, கைக்குழந்தையாக ஒரு பெண்ணை எடுத்து வளர்த்தவர். பெற்றவர்கள் யாரென்று காட்டக் காகிதம் எதுவும் இல்லை. பெண் இப்போது எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போகிறாள், அடையாள அட்டையான ஐசி இல்லை. ஏன் இல்லை என்று அவள் கேட்கும்போதெல்லாம், "நீ பொறந்தப்ப பதியாம விட்டுட்டோம், எங்க அசட்டைதான்" என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறார். வளர்ப்புப் பிள்ளை என்று அவளுக்குத் தெரிவதைவிட, பொறுப்பில்லாத தாய் என்று தான் பேர் வாங்குவது மேல் என்று நினைத்தவர். இவரைப்போலப் பிள்ளை எடுக்கிற மற்ற பெண்களாவது முதல் நாளே காகிதத்தைச் சரிசெய்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் பேச வந்தார்.

"பொண்ணுக்குத் தெரியாது அண்ணே. அத மட்டும் நீங்க பாத்துக்கணும்" என்றாள் சாந்தி.

"நான் பாத்துக்கறேன் சாந்தி. எத்தன வருஷமா இதே பொழப்பு" என்றேன். நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. அந்தத் தொனியும் ஞாபகம் இருக்கிறது.

நிகழ்ச்சி தொடங்கி வழக்கறிஞர் சட்டத்தை விளக்கி முடித்தார். தொலைபேசி இணைப்பு வந்தது. வணக்கம் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து "வணக்கம்ங்கய்யா" என்று ஒரு குரல். அதற்குப்பிறகு ஒன்றுமில்லை. மூச்சுச் சத்தம் மட்டும்.

"சொல்லுங்கம்மா, உங்க அனுபவத்த."

"என்னான்னு சொல்றதுங்க."

மறுபடி அமைதி. நேரலையில் அமைதி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். திரையின் மூலையில் ஓடுகிற பார்வையாளர் எண்ணிக்கை கண்ணெதிரே சரியும். வழக்கறிஞர் நாற்காலியில் நெளிகிறார். அந்த அம்மா பயந்து போனை வைத்துவிட்டால் இன்றைக்கு நிகழ்ச்சி படுத்துவிடும் என்று தோன்றியது. அவர் பயத்தைத் தெளிய வைக்க வேண்டும். அப்போது என் வாயில் வந்தது, நம்மாட்கள் எல்லார் வாயிலும் வருகிற கேள்வி.

"எந்தத் தோட்டம்மா நீங்க?"

கல்யாண விருந்தில் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நாம் கேட்பது இதைத்தானே. ஆஸ்பத்திரி வரிசையில், பஸ்ஸில், சாவு வீட்டில். பெயர்கூட அப்புறம்தான். தோட்டம் தெரிந்துவிட்டால் யார் மகன், யாருக்கு மருமகன், எந்தக் கோயில் திருவிழாவில் பார்த்திருக்கலாம் என்று நூல் பிடித்துப் போய்விடலாம். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு, வீடு கட்டி விற்று, பாதிப்பேர் டவுனுக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. டவுனிலேயே பிறந்தவனிடமும் இன்னும் இதைத்தான் கேட்கிறோம். கேட்பது மரியாதை. பதில் சொல்லாமல் இருப்பது திமிர். அந்த அம்மா என்னைவிட இளையவர், என்னை ஐயா என்று கூப்பிடுகிறவர். எப்படிச் சொல்லாமல் இருப்பார்?

மெர்போக் பக்கம் என்றார். தோட்டத்தின் பெயரையும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன், நான் ஒரு தடவை கேட்டு வாங்கியதே போதும்.

அங்கேயாவது என் நாக்கில் இருந்த சனி இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. "அட, எங்க சின்னம்மா வாக்கப்பட்டுப் போன தோட்டமாச்சே. கோயிலுக்கு மேலயா, கீழயா?" என்றேன்.

"கீழங்க. ஆத்தோரம், கடைசி வீடு."

"பாத்தீங்களா, தேடிப் பாத்தா நாம சொந்தக்காரங்களாகூட இருப்போம்."

அவர் சிரித்தார். பயம் போய்விட்டது. நேரலை, கேமரா, ஊர் உலகம் எல்லாம் மறந்துபோய், தோட்டத்துக் குழாயடியில் நின்று தெரிந்தவரோடு பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எதிரே சாந்தியின் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். பார்த்தும், இவளுக்கு என்ன ஆச்சு என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா சொன்னார்: "அவ நான் பெத்த பிள்ள இல்லீங்கய்யா. அவளுக்கு அது தெரியாது. ஆனா..."

அந்த "ஆனா"வில் குரல் கம்மியது. இதுதான் இடம் என்று எனக்குப் பட்டது. உச்சியில் வெட்டு, ஆள் நகரமாட்டான், இடைவேளை முடியும்வரை காத்திருப்பான் என்று உங்கள் அண்ணன்மார் பலருக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விளம்பரத்துக்கும் நேரமாகியிருந்தது. கையைத் தூக்கி, குரலைத் தாழ்த்தி, "இந்தக் கனமான தருணத்துல, நேயர்களே, ஒரு சின்ன இடைவேளை" என்றேன். நாசி கண்டார் விளம்பரம் ஓடியது. இடைவேளை முடிந்து வந்தபோது இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி கூப்பிட்டோம், எடுக்கவில்லை. சரி என்று வழக்கறிஞரிடம் திரும்பிவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் சாந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஊரு பேரு கேக்கமாட்டேன்னு சொன்னீங்களே, அண்ணே."

"ஊரு எங்க கேட்டேன், சும்மா தோட்டம்தானே..." என்று நான் ஆரம்பித்தேன். சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவள் படியிறங்கிப் போனாள்.

இதில் எதையும் சதி என்று நினைக்காதீர்கள். அந்தக் கேள்வியில் நடிப்பில்லை. எனக்கு அந்த அம்மாவிடம் உண்மையிலேயே பாசம் வந்தது, அதனால்தான் இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது. கெட்ட எண்ணத்தோடு கேட்டிருந்தால் என்னை நானே நடுவில் பிடித்திருப்பேன். சொந்தம் கொண்டாடித்தான் அவரைக் காட்டிக்கொடுத்தேன். உங்களுக்குத் தொழில்முறையாக ஏதாவது வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: விருந்தினருக்குக் கொடுத்த வாக்கு உங்கள் கேள்வித்தாளை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை, உங்கள் வாய்ப் பழக்கத்தையும் கட்டுப்படுத்தும். பேச்சு இனிக்கிற நேரத்தில்தான் அது மறந்துபோகும்.

மறுநாள் எங்கள் நிகழ்ச்சிப் பிள்ளைகள் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, எழுத்துப் போட்டு, சோக இசை சேர்த்து முகநூலில் ஏற்றினார்கள். தோட்டம் கேட்டதிலிருந்து "ஆனா" வரை. கைப்பேசிப் புலனக் குழுக்களில் பறந்தது. எனக்கே அது அஞ்சாறு பக்கமிருந்து வந்தது, கண்ணீர்ப் பொம்மைகளோடு. முந்தின நாள் உறைத்தது எங்கே போனதோ, நானும் நாலு பேருக்கு அனுப்பினேன். ஆமாம், நான்தான் அனுப்பினேன்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் சாந்தி கூப்பிட்டாள். பெண்ணின் இடைநிலைப்பள்ளியில், ஓய்வு நேரத்தில் ஒரு தோழி இதைப் போட்டுக் காட்டியிருக்கிறாள், "இது ஒங்க தோட்டம்தானே" என்று. ஆற்றோரம் கடைசி வீடு ஒன்றுதான் இருக்கிறது. அதுகூட வேண்டியதில்லை. பெற்ற பிள்ளையோ வளர்த்த பிள்ளையோ, அம்மா குரல் தெரியாதா? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். பையில் துணியை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

உடனே எங்கள் பக்கத்திலிருந்து அதை நீக்கச் சொன்னேன். நீக்கினார்கள். ஊர்க் கைப்பேசிகளில் இருப்பதை யார் நீக்குவது? உங்கள் பயிற்சி வகுப்பிலேயே ஓடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

இதற்குப்பிறகு நான் செய்ததைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. அலோர் ஸ்டாரில் ஒரு சங்கத்தின் விழாவில், சமுதாயத்தின் மனசாட்சியைத் தட்டிய நிகழ்ச்சி என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்த அழைத்தார்கள். பெண் வீட்டைவிட்டுப் போன விஷயம் அப்போது எனக்குத் தெரியும். போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும். போனேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள், "இந்தப் பெருமை அந்தத் தாய்க்கே" என்று வேறு பேசினேன். கூட்டம் கைதட்டியது. நான் பேசியதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் சாந்தி நின்றிருந்தாள் என்பது பிறகுதான் தெரியும்.

சில நாளில் பெண் வீடு திரும்பிவிட்டாள் என்று செய்தி வந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த வாரம் மழை, அடுத்த வாரம் தைப்பூசம், அதற்கடுத்த வாரம் காடி இன்ஜின் பழுது. பணி ஓய்வும் வந்தது. எனக்குக் கொடுத்த பிரிவு விருந்தில் சாந்தியிடம், "ரெண்டு பேருமா ஒரு நடை மெர்போக் போய்ட்டு வருவமா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்கு அண்ணே? கேட்டது நீங்க. நீங்களே போங்க" என்றாள்.

போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, நோயாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி. செம்பனை மரங்களுக்குள் போகிற மண்பாதையில் வழி தவறி, சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் நிறுத்தி விசாரித்தேன். பெயரைச் சொன்னதும் கடைக்காரருக்குப் பிடிபடவில்லை. பிறகு, "ஓ, அந்த வீடியோ அம்மாவா?" என்றார். அப்படித்தான் ஆகியிருந்தது அவர் பெயர். ஒரு தோட்டத்தில் முப்பது நாற்பது வருஷம் வாழ்ந்த மனுஷிக்கு.

வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கய்யா, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கணவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அந்த அம்மா கிலாங் என்கிற தொழிற்சாலை வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார் போல, சீருடை மேல்சட்டையைக்கூட மாற்றவில்லை. நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தேன். எவ்வளவு மேடையில் பேசியிருக்கிறேன், அன்றைக்கு வாய் குழறியது. "பெரிய தப்பு பண்ணிட்டேன்மா" என்பதற்கு மேல் போகவில்லை.

"தெரிஞ்சா கேட்டீங்க? விடுங்கய்யா" என்றார். "எனக்கும் பேச்சு ருசியில சொல்லிட்டேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வந்திருப்பேன். அவர் பாதிக் குற்றத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "பொண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு. சாப்புடுது, தூங்குது, இப்ப டியூஷன் போயிருக்கு. அதப் பத்தி மட்டும் அதுவும் கேக்கல, நானும் பேசல." தேயிலை போட்டுத் தே கலக்க உள்ளே போனார்.

பெண் வந்தாள். ஒல்லியாக, உயரமாக, முதுகுப்பையோடு. என்னைப் பார்த்ததும் வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். பையை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கிள், நீங்கதானே அந்த புரோகிராம்?"

"ஆமாம்மா."

"புல் வீடியோ இருக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"எல்லார்கிட்டயும் அந்தக் கிளிப் மட்டும்தான் இருக்கு. 'அவளுக்கு அது தெரியாது, ஆனா'ன்னு அம்மா சொல்றாங்க. அதோட கட் ஆவுது. எத்தன வாட்டி பாத்துட்டேன் தெரியுமா? ஆனான்னா அதுக்கப்புறம் ஏதோ இருக்கணும் லா. அது என்னான்னு எனக்குப் பாக்கணும்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

அவள் முகத்தில் கோபம் இருந்தால் பார்த்திருக்கலாம். இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம். இத்தனை மாதமாக இந்தப் பிள்ளை, அம்மாவிடம் கேட்க வாய் வராமல், என் அலமாரியில் எங்கேயோ அந்த மீதி பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இல்லம்மா" என்றேன். "அதுக்கு மேல இல்ல."

"டிலீட் பண்ணிட்டீங்களா?"

"இல்ல. பேசவே விடல. நான்தான் விளம்பரத்துக்குப் போயிட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "ஓ" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மேசைமேல் இருந்த ஆரஞ்சுப் பழப் பையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினாள். "அப்ப, ஒன்னும் இல்லதானா" என்றாள். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

"இருந்துச்சு."

அந்த அம்மா சமையலறை வாசலில், கையில் தே கோப்பையோடு நின்றிருந்தார். பெண் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவின் உதடு துடித்தது, பேச வந்தது, என்னைப் பார்த்ததும் அடங்கிக்கொண்டது. மெதுவாக வந்து கோப்பையை என் முன்னால் வைத்தார். ஆவி பறந்தது.

நான் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"தே குடிச்சிட்டீங்களாய்யா?" என்றார்.

புரிந்தது, எழுந்தேன். "வரேம்மா" என்றேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே நாற்காலி இழுபடும் சத்தமும், அந்த அம்மாவின் குரலும் கேட்டன. "இங்க வா" என்றார். அடுத்த வார்த்தை காதில் விழுவதற்குள் காடிக்குப் போய், கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டேன்.